கெமராவில் தொங்கிய ஹவுஸ்கோட்

ஜூன் 11, புதன்

மாமனாரின் துணிக்கடைக்கு வந்து மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் மாமா ஒரு முடிவை என் கையில் விட்டார். ஹஜ்ஜுப் பெருநாளோடு வியாபாரம் படுத்துவிட்டது. பெண்கள் பகுதியில் நிற்கும் மூன்று பெண்களில் ஒருவரை மாத முடிவோடு நிறுத்த வேண்டுமாம். "நீங்க படிச்சவர். ஆரெண்டு பாத்துச் சொல்லுங்க மகன்" என்றார்.

நாலு வருடம் ஒரு கம்பனியில் ஆட்களை எடுக்கிற, எடை போடுகிற வேலை பார்த்தவன் நான். பழைய படிவத்தை எடுத்துத் தமிழாக்கினேன். சிரித்த முகம், பேச்சு, ஆங்கிலம், மற்றவர்களோடு ஒத்துப்போதல், தானாக முன்வந்து செய்தல் - ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. ரூபிகாவுக்கு 21. ஹிபாவுக்கு 18. சிவமணிக்கு 9.

சிவமணி யாழ்ப்பாணத்து ஆள், நாற்பத்தைந்து இருக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். கடையில் பதினொரு வருடமாம். நான் பார்க்கும்போதெல்லாம் துணி மடித்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் சிரித்துக் கண்டதில்லை. "தானாக முன்வந்து செய்தல்" - ஒன்று. அதுவும் பாவம் பார்த்துப் போட்டது.

ஜூன் 13, வெள்ளி

ஒரு விசயம் மண்டையைக் குடைகிறது.

வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போகிறோம். தொழுது, வீட்டில் சாப்பிட்டு, இரண்டு மணிக்குத் திறக்கிறோம். பெண்கள் மூன்று பேரும் உள்ளே இருந்து சாப்பிடுவார்கள். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு இரண்டு மணிக்கு வந்து நிற்கிறேன் - காசு மேசையில் பதினேழு பார்சல்! பிரவுண் கடதாசியில் சுற்றி, மேலே பேர் எழுதிய துண்டு. ஆட்கள் வரிசையாக வந்து காசைக் கொடுத்து எடுத்துப் போகிறார்கள். அரை மணித்தியாலத்தில், சனிக்கிழமை முழுவதும் போடுகிற அளவு பில்.

காசாளர் ஸியாமைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமட பரக்கத்து" என்றார். இவருக்குத்தான் நான் மனதுக்குள் வியாபாரத் திறமைக்கு ஐந்து போட்டிருந்தேன். பரக்கத்து, அல்லாஹ்வின் அருள், வரும், நம்புகிறேன். ஆனால் பரக்கத்து பார்சல் கட்டாதே?

ஜூன் 16, திங்கள்

ரூபிகாவிடம் கேட்டேன். சிரித்தாள். ஹிபாவிடம் கேட்டேன். ரூபிகாவைப் பார்த்துச் சிரித்தாள். சிவமணி மட்டும் பதில் சொன்னார்: "அது வாற ஆக்கள் முந்தியே பாத்து வச்சது சேர்." முந்தி என்றால் எப்போது? அதற்குள் மடிக்க ஒரு சேலை அகப்பட்டுவிட்டது அவருக்கு.

சரி, கெமரா இருக்கிறதே என்று பழைய பதிவைத் திறந்தேன். வெள்ளி, 12.10 வரை எல்லாம் தெரிகிறது. பிறகு திரை முழுக்க மஞ்சள் பூ. 1.50க்கு மறுபடி கடை. அதற்கு முந்திய வெள்ளி - சிவப்புக் கோடு. அதற்கும் முந்தி - பச்சை இலை. யாரோ ஒவ்வொரு வெள்ளியும் கெமராவின் மேல், பெண்கள் வீட்டில் போடுகிற ஹவுஸ்கோட் ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். டிசைனை வேறு மாற்றி மாற்றி!

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் களவோ? மனம் அப்படியும் போகிறது. களவு என்றால் எதற்குப் பில் போட்டுக் காசு கட்டி வாங்கிப் போகிறார்கள்?

ஜூன் 18, புதன்

சாப்பிடும்போது மனைவி ஷிஹாராவிடம் சொன்னேன். அவளுக்கு அது புதினமாகவே படவில்லை. "வாப்பாட கடையில நான் ஒரு நாளும் உள்ளுடுப்பு வாங்கின இல்ல" என்றாள். நுகேகொடைக்குப் போய் வாங்குகிறாளாம். சொந்தக் கடை இருக்க ஏன் என்றேன்.

"சொந்தக் கடை எண்டதாலதான். ஸியாம் நானாக்கிட்டப் போய் என்ட சைஸச் சொல்லச் சொல்றீங்களா?"

முதலாளியின் மகளே வாங்காத கடையா இது? வெள்ளி மத்தியானம் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என்னால் போக முடியாது - ஜும்ஆ. ஜும்ஆ இல்லாவிட்டாலும் நான் போனால் அங்கே நடப்பது நடக்காது. அது மட்டும் இப்போது விளங்குகிறது.

ஜூன் 20, வெள்ளி

போய் வந்தாள். கையில் இரண்டு பார்சல். என்ன நடக்கிறது என்று கேட்டால், "நல்லா இருந்த" என்கிறாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 21, சனி

காலைத் தேத்தண்ணியோடு கொஞ்சம் அவிழ்த்தாள்.

பாதி ஷட்டருக்குக் கீழே பெண்கள் குனிந்து குனிந்து வருகிறார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களம் - இருபது பேர் இருக்குமாம். முக்காட்டைக் கழற்றிவிட்டுச் சிலர் நிலத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் கழுத்தில் டேப்போடு சிவமணி. சிங்களம் தண்ணீர் பட்ட பாடாம். யாரையும் சைஸ் கேட்பதில்லை, பார்த்தே எடுத்துக் கொடுக்கிறார். சைஸ் தவறினால் தன்னையே கேலி பண்ணிக்கொள்கிறார். கடை முழுக்கச் சிரிப்பு. "சிவமணி அக்காவா சிரிச்ச?" என்று நான் இரண்டு தடவை கேட்டேன்.

ரதி என்று ஒரு டீச்சர். களுபோவில ஆஸ்பத்திரியில் மார்பில் ஒப்பரேஷன் முடித்தவர். அவருக்கென்று சிவமணி வீட்டில் தன் கையாலேயே பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு வந்து, அலுமாரிக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் போட்டுவிட்டிருக்கிறார். வெளியே வந்த டீச்சர் கண்ணாடியில் தன்னைப் பக்கவாட்டாகப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அதற்கு மேல் ஆம்பிளைகளுக்குச் சொல்ல மாட்டாளாம்.

நான் அவருக்கு ஒன்று போட்டேன். ஐந்தில் ஒன்று!

ஜூன் 23, திங்கள்

என் வாயைத் தைத்தால்தான் சரி.

மாமாவிடம் துள்ளிக்கொண்டு போனேன். "வெள்ளி மத்தியானம் பெண்களுக்கு மட்டும்" என்று ஒரு போர்ட், பேஸ்புக்கில் ஒரு விளம்பரம், சிவமணியைப் பகுதிக்குப் பொறுப்பாகப் போடுவது - வரிசையாக அடுக்கினேன். மாமாவின் முகம் இறுகிக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. ஆட்களைப் படிப்பதுதான் என் தொழிலாம்!

"முப்பது வருசம்" என்றார். "வெள்ளிக்கிழம பாங்கு சொன்ன பொறகு என்ட கடையில ஒரு ஊசி வித்த இல்ல. அல்லாஹ்க்குச் சொல்லி வச்ச பேச்சு அது. நான் பள்ளியில தொழுற சஃப்புல நிக்கிற நேரம் இங்க யாவாரமா?"

பெண்களுக்கு ஜும்ஆ கடமையில்லை, சிவமணி முஸ்லிமும் இல்லை என்றேன். கடை யாருடையது என்று கேட்டார். இனி வெள்ளி மத்தியானம் ஷட்டர் முழுதாகப் பூட்டு. நிறுத்துகிற ஆளும் முடிவாகிவிட்டது: சிவமணி. கடிதத்தை நானே கொடுக்க வேண்டும்.

கொடுத்தேன். கடிதத்தில் "வியாபாரக் குறைவு காரணமாக" என்றுதான் அடித்திருந்தேன். உண்மைக் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியமில்லை. இரண்டு தரம் வாசித்தார். "வெள்ளி வரைக்கும் நிண்டிட்டுப் போறன் சேர். வாற ஆக்களுக்குச் சொல்லோணும்" என்றார். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூன் 25, புதன்

ஷிஹாரா என்னோடு கதைக்கிறாளில்லை. நியாயம்தான்.

ஜூன் 27, வெள்ளி

தொழுகை முடிந்ததும் சாப்பிடப் போகாமல் நேரே கடைக்கு நடந்தேன். பூட்டிய ஷட்டருக்கு முன்னால், கொளுத்துகிற வெயிலில், பதினொரு பெண்கள். சிவமணி ஒவ்வொருவரிடமும் போய், தமிழிலும் சிங்களத்திலும், இனி இந்த நேரம் இல்லை, ரெண்டு மணிக்குப் பிறகு வாங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டவர்களிடம் கடையைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. குடை பிடித்திருந்த ஒருவர், "அப்ப நான் எப்ப வாறது சிவமணி? ரெண்டு மணிக்கு ஆம்பிளையள் நிப்பினமே" என்றார். ரதி டீச்சர் அவர்தான் என்று தெரிந்துகொண்டேன். சிவமணி அவருடைய குடையைத் தன் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அவரை ஒரு பக்கம் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். ஜும்ஆ நேரத்தில் வியாபாரம் நடந்ததென்று மாமாவுக்குக் கோபம், கடிதம் அதனால்தான், அவரிடம் போய்ச் சொன்னவன் நான்.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"பில்லுகளைப் பாருங்கோ சேர். ஒண்டெண்டாலும் ரெண்டு மணிக்கு முந்தி வெட்டிக் கிடக்கோ? அவை வந்து பாப்பினம், அளப்பினம், எடுத்து வைப்பினம். சல்லி ஒரு சதம் வாங்கமாட்டன். முதலாளி பள்ளியில நிக்கேக்க அவற்ற கடையில யாவாரம் நடக்கக்கூடாது. பதினொரு வருசம் நிக்கிறன், அது எனக்குத் தெரியாதே?"

ஐயோ. முதல் வெள்ளியே என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது! இரண்டு மணிக்கே பதினேழு பார்சல் எப்படி என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு இதுதான் விடை. விடை கையிலிருக்க, அவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

ஆறு மாத வெள்ளிக்கிழமைப் பில் பிரதிகளை மாமாவின் மேசையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். 2.03. 2.04. 2.01. 2.10.

"இப்பிடிச் செய்யச் சொல்லி ஆர் சொன்ன?"

யாரும் சொல்லவில்லை, தானாகச் செய்திருக்கிறார் என்றேன். பில்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். பிறகு என் படிவத்தைக் கேட்டார். மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தார்.

"சிரிக்கிற இல்ல. இங்கிலீஷ் இல்ல. வாறவங்களோட வளவளக்கிற இல்ல. இது நான்தானே மகன்?"

ஜூன் 28, சனி

மாமா பெண்கள் பகுதிக்கே போனார். அங்கே அவர் கால் வைத்து எத்தனை வருடமோ. ரூபிகாவும் ஹிபாவும் எழும்பி நின்றார்கள். சம்பளக் கணக்கு முடிக்க வந்திருந்த சிவமணி அங்கேயும் சேலை மடித்துக்கொண்டிருந்தார்.

"சிவமணி, அந்தக் கடிதத்தத் தாங்க."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாமா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் கேட்டிருக்கோணும்" என்றார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதுவும் கேட்டதாகாது, ஆனால் சிவமணிக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன். எனக்குத்தான் போதவில்லை. மாமா போன பிறகு நான் என் பங்குக்கு மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்கோ சேர்" என்றார், மடித்தபடியே.

பகுதிக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வேண்டுமாம். அந்த போர்ட்?

"போர்ட் வேண்டாம் சேர். போட்டா ஆம்பிளையளும் வாசிப்பினம்."

மாத முடிவு என்னவென்று மாமாவிடம் கேட்டேன். "பாப்பம்" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

மூன்று பேரும் வேலைக்கு வந்தார்கள். கண்ணாடியும் வந்தது. படிவத்தில் சிவமணியின் பேருக்கு நேரே இருந்ததை அடித்துவிட்டுப் புதிதாகப் போட உட்கார்ந்தேன். பூட்டிய கடைக்கு முன்னால் வெயிலில் நின்று பேசியதற்கு எந்த நிரலில் புள்ளி போடுவது? எழும்பிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

ஷிஹாரா காலையிலேயே சொல்லிவிட்டாள், மத்தியானம் சாப்பாடு மேசையில் மூடியிருக்கும், போட்டுச் சாப்பிடுங்கள் என்று. அவளும் மாமியும் கடைக்குப் போகிறார்களாம். மாமியுமா! முப்பது வருடத்தில் முதல் தடவை.

நானும் மாமாவும் சாப்பிட்டுவிட்டு வந்தபோது இரண்டுக்கு இருபது நிமிடம். ஷட்டர் பழையபடி பாதியில்; இந்தத் தடவை மாமாவே பாதியோடு விட்டிருந்தார். நான் பழக்கத்தில் கடையை நோக்கித் திரும்பினேன். மாமா என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்குள் கூட்டிப் போய், இரண்டு பிளேன்டீ சொன்னார். பக்கத்து மேசையில் இன்னும் மூன்று ஆண்கள் மணிக்கூட்டைப் பார்த்தபடி. அவர்களுடைய வீட்டுப் பெண்களும் உள்ளேயாம்.

என்ன நடக்கிறதோ என்று என் கை தானாகவே போனில் கெமராவைத் திறந்தது. திரை முழுக்க நீலப் பூ.

மாமா எட்டிப் பார்த்தார். "அது புதுசு. நேத்துத்தான் வந்த" என்றார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"குடிங்க மகன். இன்னும் ரெண்டு மணி ஆகல்ல."