அண்ணனின் மூளை அலைகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் அண்ணியும் பாப்பாவும் நலமா?

வலிப்பு நோய்ப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. நாள் முழுக்கத் திரையில் மூளை அலைகளைப் படிப்பதுதான் வேலை. முதல் வாரம் எதைப் பார்த்தாலும் வலிப்பாகவே தெரிந்தது. ஒருவர் பல்லைக் கடித்ததைக்கூட வலிப்பு என்று எழுதிவிட்டேன். பயிற்சி தரும் டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வலிப்பைக் கண்டுபிடிக்கிறது பாதி வேலைதான். இல்லாத வலிப்பை இல்லைன்னு சொல்லத் தெரியணும்" என்றார்.

இப்போது கண் பழகிவிட்டது. அதனால்தான் கேட்கிறேன். உனக்கு வலிப்பு என்று எழுதிய பழைய ரிப்போர்ட்டை, அலை அச்சான தாள்களோடு அனுப்பு. பட்டறையில் நீ விழுந்த அன்று நடந்ததைக் கூட நின்றவர்களிடம் கேட்டு எழுது.

உன் வாலு

மார்ச் 15

அன்புத் தங்கச்சிக்கு,

தாள்கள் இத்துடன். மடக்காதே.

ஃபோர்மேனைக் கேட்டேன். "கை கிழிஞ்சு ரத்தத்தைப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப்போச்சு. விழுந்து நாலு உதறு உதறினே. உடனே கண்ணத் தொறந்து என்னாச்சுன்னு கேட்டே" என்றார். அப்புறம் ஒரு தடவை ரத்தம் எடுக்கும்போது விழுந்தது உனக்கே தெரியும். இதையெல்லாம் இதுவரை யாரும் கேட்கவில்லை. வலிப்பு என்றதும் லேத் மெஷினை விட்டு ஸ்டோருக்கு அனுப்பினார்கள்; ஒன்பது வருஷமாக போல்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆசை காட்டி மோசம் செய்துவிடாதே. எனக்கு இது பழகிவிட்டது.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

"சொந்த அண்ணனோடத நீ படிக்காதே" என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார். பெயரை மறைத்து மூன்று டாக்டர்களிடம் தனித்தனியாகக் கொடுத்தோம். மூவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: கண் சொக்கும்போது பலருக்கும் வரும் சாதாரண அலை. கூராக இருப்பதால் வலிப்பு அலை போல ஏமாற்றிவிடும்.

நீ விழுந்தது ரத்தத்தைப் பார்த்த மயக்கம். உனக்கு வலிப்பு இல்லை அண்ணா. தைரியமாகச் சொல்கிறேன்.

ஆனால் வலிப்பு மாத்திரையை இன்றே தூக்கி எறியாதே! இங்கே வா. தூங்க வைத்து மறுபடி அலைகளைப் பதிவு செய்து, இதயத்தையும் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். உனக்குக் கோபம் வரும். வந்தால் என் மேல் காட்டு.

உன் வாலு

டிசம்பர் 10

அன்புத் தங்கச்சிக்கு,

அங்கே வந்து திரும்பியபின் நீ போட்ட மூன்று கடிதத்துக்கும் நான் பதில் எழுதவில்லை. கோபம்தான். ஒன்பது வருஷம் போனதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உன்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மன்னித்துவிடு.

மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. கல்லு மாதிரி இருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி லேத்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. பாப்பா பிறந்து இரண்டு வருஷத்தில் நான் அவளை நின்றபடி தூக்கியதே இல்லை. தரையில் உட்கார்ந்தால் உன் அண்ணி மடியில் வைப்பாள். தூக்கிக்கொண்டு விழுந்துவிட்டால் என்ற பயம்.

இன்று தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். உன் அண்ணி கையை நீட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். முதல் மாடியில், "போதும், குடுங்க" என்றாள். இரண்டாவதில் நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள். மேலே போய்த் திரும்பினால், படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

பாப்பா என் தோளிலேயே தூங்கிவிட்டாள். இறக்கிவிட மனமில்லை. நின்றுகொண்டு ஒற்றைக் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அண்ணன்