மூன்று விரல் காடை

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? எனக்குக் கணுக்காலில் லேசான சுளுக்குதான், பயப்படாதீர்கள். புல்வெளியில் பறவைகளைக் கணக்கெடுக்கும்போது காலடியில் ஒரு கூடு தெரிந்தது. மிதித்துவிடாமல் தாவியதில் விழுந்துவிட்டேன். கூட்டிலிருந்த பறவை இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டி, என்னைத் திசைதிருப்பப் பார்த்தது.

“காடைதானே சார்?” என்று கேட்டேன்.

“பாக்கத்தான் காடை. காடைக்குப் பின்னாடி ஒரு விரல் இருக்கும், இதுக்கு மூணு விரல்தான். இது வேற குடும்பம்மா,” என்றார் எங்கள் குழுத்தலைவர். “இதுல அப்பன்தான் அடைகாக்கும். அம்மா முட்டையப் போட்டுட்டுக் கெளம்பிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

என் பழைய சேலை ஒன்றைப் பாப்பா பக்கத்தில் போட்டுவையுங்கள். தபால் கொண்டுபோகும் வண்டி கிளம்பப்போகிறது. இப்போது அவள் யாரை ‘அம்மா’ என்கிறாள்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்களவள்