சபைச் சுவரில் அவர் கைத்தடி

மார்ச் 1, வெள்ளி
தையல் மெஷின் பெல்ட் மறுபடி அறுந்தது. பள்ளிச் சீருடைகள் பாக்கி. அவர் பார்வைக்காக உபவாசம் வேறு, தலை வெடிக்கிறது. சாயங்காலம் அவருக்கு வேதம் வாசித்துக் காட்டினேன். இயேசு ஒரு குருடனை இரண்டு தடவை தொட்ட பகுதி. முதல் தடவை அவனுக்கு மனிதர்கள் நடக்கிற மரங்களாகத் தெரிந்தார்கள். "ஞாயித்துக்கிழமை சபையில போதகர் ஜெபிச்சதும் உங்களுக்கும் தெரியும் பாருங்க" என்றேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு உன் மூஞ்சியப் பாக்கணும்னா மனசைத் தேத்திக்கணுமே" என்று சிரித்தார். அப்புறம், "தெரியலன்னா?" என்றார். அவிசுவாசமாகப் பேசாதீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

மார்ச் 3, ஞாயிறு
ஸ்தோத்திரம். போதகர் அவர் கண்களில் கை வைத்து ஜெபித்தார். நான் தரையில் விழுந்து அழுதேன். "என்ன தெரியுது பிரதர்?" என்று போதகர் திரும்பத் திரும்பக் கேட்டார். என் அழுகை கேட்ட பக்கம் இவர் திரும்பினார். "ஆளுங்க... மரம் மாதிரி தெரியறாங்க."

சபையே எழுந்து கைதட்டியது. அவர் கைத்தடியை வாங்கி, சாட்சியாக மேடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள்.

மார்ச் 6
டம்ளரைத் தட்டிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தானே தெளியும்.

மார்ச் 9
சமையலறை பல்பு போய்விட்டது. நான் தீப்பெட்டியைத் தேடித் தடுமாறுகிறேன், அவர் பாட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போகிறார். ஏன் இருட்டு என்று கேட்கவில்லை. இருட்டு அவருக்குப் பழக்கம் - வேறென்ன?

மார்ச் 13
அவர் தங்கை வந்தாள். "அண்ணி, அண்ணன் என் முகத்தப் பாத்துப் பேசல. அந்தத் தடியையாவது வாங்கிக் குடுங்க."

"உன் வாய்க்கொழுப்புல வந்த சுகம் போயிடப் போகுது" என்றேன்.

"தெரியுதும்மா, தெரியுது. அவளத் திட்டாத" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

மார்ச் 17, ஞாயிறு
விழுந்துவிட்டார். சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டார்கள். கை கொடுக்க எழுந்தேன். "தனியா வரட்டும் சிஸ்டர், எல்லாரும் பாக்கட்டும்" என்றார் போதகர். உட்கார்ந்துவிட்டேன். மேடை முடிகிற இடம் தெரியாமல் நடந்துகொண்டே போனார். ஐயோ, நான் ஏன் உட்கார்ந்தேன்?

மார்ச் 18
ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது.

"எப்போலேர்ந்து மறுபடி தெரியல?" என்று கேட்டேன்.

"என்னைக்கும் தெரியல."

"பின்ன ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீ அழுதுட்டே இருந்த. நிறுத்துவேன்னு நெனச்சேன். அந்த மரம்கூட நீ படிச்சுக் காட்டினதுதான்."

டம்ளர், பல்பு, அவர் தங்கை சொன்னது - எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள் நான். பாவி, என்னத்தைப் பார்த்தேன்?

மார்ச் 22
போதகரிடம் தடியைக் கேட்டேன். "அத எடுத்தா பல பேர் விசுவாசம் தளரும் சிஸ்டர். அவரத் தள்ளினது சத்துருவான பிசாசு" என்றார்.

"சத்துரு தள்ளல பாஸ்டர். நாமதான் தள்ளினோம்."

நாற்காலி போட்டு ஏறி நானே கழற்றினேன். யாரும் உதவிக்கு வரவில்லை.

மார்ச் 23
இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். தடியை அவர் கையில் கொடுத்தேன். பிடியைத் தடவிப் பார்த்தார். "கை எட்டுற மாதிரி வை" என்றார். கட்டிலோரம் சாய்த்து வைத்தேன்.

இன்று ஜெபத்தில் அவர் கண்களைக் கேட்கவில்லை. என் கண்களைத்தான் கேட்டேன். தூங்கும்வரை அவர் தடியிலிருந்து கையை எடுக்கவேயில்லை.