அம்மாவின் இடப்பக்க வலி

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுதச் சொன்னேன், உன் தங்கை பேனாவை மூடிவிட்டாள். என் வலது கையில் ஊசிக் குழாய் இருப்பதால் அவள்தான் எழுதுகிறாள். அதனால் உள்ளதைச் சொல்கிறேன், பதறாதே. போனில் சும்மா காய்ச்சல் என்றேன். உண்மையில் பல் கிடுகிடுக்கிற குளிர், இடப்பக்கம் விலாவுக்குக் கீழே கை வைக்க முடியாத வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்த டாக்டரிடமும், ஆண்பிள்ளையாயிற்றே, இடுப்பைத் தொட்டுப் பார்ப்பாரே என்ற கூச்சத்தில், ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் சிறுநீர்த் தொற்று என்று எழுதினார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள், அதில் கண்டதை யாரும் கேஸ் ஷீட்டில் ஏற்றவில்லை.

இன்று காலை வந்த டாக்டரம்மா ஷீட்டைப் பார்த்துவிட்டு, ஊசியை நிறுத்தி மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் செருப்பைத் தேடினேன். உன் தங்கைக்கோ, கேஸ் ஷீட் படித்து நோய்க்குக் குறியீட்டு எண் போடும் உன் வேலையைப் பற்றி நீ சொன்னது நினைவு வந்ததாம்: எழுதாததை ஊகிக்கக் கூடாது, டாக்டர் வாயில் பதிலைத் திணிக்காமல் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து கடையில்கூட என் முதுகுக்குப் பின்னால் நிற்பவள், நர்ஸுகள் நடுவே போய் நின்றாள்.

"அம்மாவுக்கு விலாவுக்குக் கீழ வலி டாக்டர், வெக்கத்துல சொல்லல. ஸ்கேன்ல என்ன இருக்குன்னு பாத்து எழுதிடுங்க."

இவளுக்குப் பேச வருமா என்று நர்ஸ் சிரித்தாள். டாக்டரம்மா என் இடுப்பில் லேசாகத் தட்டினார், நான் போட்ட சத்தம் வராண்டா வரை கேட்டதாம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பழைய வரியை அழிக்காமல், இடப்பக்கச் சிறுநீரகத்தில் தொற்று என்று கீழே எழுதி நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். ஊசி தொடர்கிறது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது நாளைதான் தெரியும். சாயங்காலம் மறுபடி குளிர் தூக்கிப் போட்டது. வீட்டில் இருந்திருந்தால், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒன்றுமில்லை என்றிருப்பாய் என்று உன் அப்பா என்னைத் திட்டுகிறார். வாஸ்தவம்தான்.

நீயும் வேலை மும்முரத்தில் ஒன்றுக்கு வந்தால் அடக்கிக்கொண்டு உட்காராதே, தண்ணீர் குடி. குறையில்லாமல் நன்றாக இரு கண்ணே. பதிலில் வெறுமனே நலம் என்று எழுதாதே, எங்கே என்ன செய்கிறது என்று எழுது. நான் தேறியதை இவள் எழுதினால் மட்டும் நம்பு.

உன் அம்மா
(இடது கைக் கிறுக்கல் என்னுடையது)