சமையலறைக் கதவு அனுப்பும் செய்தி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன், இரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. போனில் பேசினால் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து கடைசி வரி வரை படி.

திறக்கும்போதெல்லாம் உன் போனுக்குச் செய்தி அனுப்பும் நம் சமையலறைக் கதவிடமிருந்து செவ்வாய்க்கிழமை நான்கு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. என் போனும் கிடைக்கவில்லை. நீ பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டாய். அவர் வீட்டுக்காரர் பின்கதவுத் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போய், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாராம். நான் நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்களோடு திரும்பினால், தையல்காரம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாத்தான் இருக்கீங்களா? அநியாயமா தாழ்ப்பாள உடைச்சுட்டமே!" என்று அழுகிறார். சாயங்காலம் நீ போனில், "போதும்மா. ஒண்ணு கேமரா வைக்கணும், இல்ல வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துடணும். அந்தப் பொம்மைய நம்பி என்னால இருக்க முடியாது" என்றாய்.

பொம்மை என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துவதற்காக உன் அப்பா செய்த போர்டு அது. அதன் சத்தம் கூடத்தைத் தாண்டாது. கதவில் காந்தம் வைத்து, கதவு திறப்பதை அதற்குத் தெரியவைத்தது சுலபம். அதை உன்வரை பேச வைப்பதில்தான் வேலை இருந்தது. தபால்தலை அளவில் ஒரு வைஃபை போர்டு வாங்கி, அப்பாவின் போர்டுக்குப் போகும் ஐந்து வோல்ட்டையே அதற்கும் கொடுத்தேன். அது மூன்று வோல்ட் சொச்சத்தில் பிழைக்கிற ஜீவன். கொஞ்சம் புகை, அவ்வளவுதான். தெருமுனை ரேடியோ மெக்கானிக், நீ பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்தாயே அவர், "பச்சைக் குழந்தைக்குப் பலகாரம் ஊட்டிட்டீங்களேம்மா" என்று சிரித்தார்.

அடுத்து வாங்கிய வைஃபை போர்டுக்கு வோல்ட்டைக் குறைக்கும் ஒரு சில்லு வைத்து நானே ஈயம் பற்றவைத்தேன். அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாரு வச்ச ஈயம் இது?" என்றார். சொன்னேன். கடைக்கு வந்திருந்த ஒருவரிடம் நீட்டி, "பாருங்க சார், ஒரு சொட்டு வழியல" என்றார். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊராரின் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள் நான். ஆனாலும் எழுபத்து நான்கு வயதில் அன்று வீட்டுக்கு நடந்து வந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். போர்டின்மேல் தவறில்லை. வெளியே கிளம்பும்போது வீட்டில் ஒரு சுவிட்சும் போட்டபடி இருக்கக் கூடாது என்பது என் சட்டம். மின்விசிறியை அணைத்தேன், வைஃபை பெட்டியையும் அணைத்தேன். நூலக விதிப்படி போனையும் அணைத்தேன். வெளியே போவதை உனக்குச் சொல்லவும் இல்லை. தவறு முழுக்க என்னுடையது. இதை எழுத எனக்கு எத்தனை சிரமம் என்று உனக்குத் தெரியும்.

"இனிமேல் நினைவு வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லப் போவதில்லை. நீ அப்படிச் சொன்னபோதெல்லாம் நான் உன்னை நம்பியதில்லை. வைஃபை சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். செருப்பு விடும் இடத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். அழுத்தினால், "அம்மா வெளியே போகிறாள்" என்று உனக்கு வரும். திரும்பி வந்து அழுத்தினால் "வந்துவிட்டாள்". நேற்றும் இன்றும் வந்திருக்குமே! கேமரா வேண்டாம். மீன் தொட்டியில் வாழ என்னால் முடியாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறு பெட்டி வந்திருக்கும். அதையும் நான்தான் செய்தேன். உன் வாசல்கதவில் பொருத்து. உன் வைஃபையின் கடவுச்சொல்லை ஒருமுறை கேட்கும், கொடு. நீ கதவைத் திறக்கும்போதெல்லாம் இங்கே என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

நான் விழுந்தாலாவது தாழ்ப்பாளை உடைக்கத் தையல்காரம்மா இருக்கிறார். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள், கண்ணா?

நீ நன்றாக இருக்க வேண்டும். பெட்டியைப் பொருத்தியதும் போன் செய்து சொல்லாதே. கதவைத் திற, போதும்.

விளக்கைப் பார்த்தபடி,
அம்மா