பாடத்தின் கடைசிக் கேள்வி

அன்பு மகளுக்கு,

நீ கற்றுக்கொடுத்த எழுத்தில் இதை எழுத எனக்கு இரண்டு நாள் காலைப்பொழுது ஆயிற்று.

சீசனில் லீவு போட்டால் ஓட்டலில் உனக்குக் கீழே ரூம் சுத்தம் செய்யும் ஆட்கள் ஏசுவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை எம்.பி.ஏ. பரீட்சையை விட்டுவிடப்போவதாகச் சொன்னாய். நீ வேலைக்குப் போனபின் அந்தப் பரீட்சைக்கான உன் தமிழ்வழித் தலைமைப்பண்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் பாடத்தின் முடிவில் கடைசிக் கேள்வியாக, 'உங்களுக்குக் கீழ் வேலை செய்பவர்களிடம் உங்களைப் பற்றிக் கேட்டு எழுதுக' என்று இருந்தது. எழுதுக என்றால் எழுதத்தானே வேண்டும்? உனக்கு நேரமில்லை. நானே பென்சிலோடு போய், ஓட்டலின் பின்பக்கம் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரிடமும் கேட்டேன்.

கந்தம்மாள்தான் முதலில் பேசினாள். "சூப்பர்வைசர் ஆனதுல இருந்து எங்ககூட ஒக்காந்து டீ குடிக்க மாட்டேங்குறா. அத மொதல்ல எழுதுங்கண்ணே."

எழுதிக்கொண்டேன். பிறகு பரீட்சை விஷயத்தைச் சொன்னேன்.

"எங்களுக்குப் பயந்தா? ஒரு நா ரூமெல்லாம் நாங்க பாக்க மாட்டமா? வெள்ளனே மொத பஸ் ஏறச் சொல்லுங்க!" என்றாள் அவளே.

புத்தகத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே ஐந்து பேர் பெயரும் இருக்கிறது. என் பெயருக்குப் பிறகு நான் எழுதிய முதல் பெயர்கள் அவை.

நாளைக்கு அவர்களோடு டீ குடி. ஞாயிற்றுக்கிழமை நீ பரீட்சைக்குப் போகவேண்டிய வத்தலக்குண்டு பஸ்ஸின் போர்டை நானே படித்து உன்னை ஏற்றிவிடுகிறேன்.

உன் அப்பா