கொண்டைக்கடலை அளவுச் சிலந்தி

வெள்ளி, கரியாலூர்
காலையிலிருந்து தூறல். தடுப்பூசி அட்டைகள் பாக்கி. பத்து மணிக்கு ஆண்டி தன் பெண்சாதி சின்னப்பொண்ணைத் தூக்கி வந்தான். சாமைக்கொல்லை வரப்பில் கல் புரட்டியபோது விரலில் கடி. கொட்டுகிற வியர்வை. வயிறு கல்லாகிக் கிடக்கிறது.

"இன்னா கடிச்சுது ஆண்டி?"

"கருப்பு செலந்தி நர்ஸம்மா. முதுகுல செவப்புப் பட்ட. அடுப்புல போட்டுக் கொளுத்திட்டேன்."

கொளுத்தினால் விஷம் ஏறாதாம்! போன வருடம் சடையம்மாவுக்கும் இப்படித்தான். காட்டுவதற்குச் சிலந்தி இல்லை. டவுனில் குடல்வால் என்று வயிற்றைக் கிழித்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. இன்றும் ஒரு குடம் தூக்க முடியவில்லை அவளால். சின்னப்பொண்ணுக்கு அது நடக்க விடமாட்டேன்.

வலி ஊசி போட்டேன். கேட்கவில்லை. ஜீப்பும் வராது. இட ஒதுக்கீடு மறியல், கள்ளக்குறிச்சி ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

சனி
வெயில். விடிந்ததும் அதே வரப்பு. இடுக்கி, காலி மாத்திரை பாட்டில். முப்பது கல்லாவது புரட்டியிருப்பேன். தேள் இரண்டு. பிறகு அவள், அந்தச் சிலந்தி. கருகருவென்று, கொண்டைக்கடலை அளவு, முதுகில் குறுக்கே சிவப்பு. உள்ளே தள்ளி மூடினேன். பயம்தான், எழுதுவதற்கென்ன.

டோலி கட்டிச் சின்னப்பொண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வலது செருப்பு அறுந்தது. அடிவாரத்தில் குறுக்கே புளியமரம், பத்துப் பேர் காவல்.

"ஒதுக்கீடு குடுக்கறவரைக்கும் ஒரு வண்டியும் போவாதுங்க."

"என் தம்பியும் எங்கியோ மரம் வெட்டிக்கினுதான் இருக்கான். உங்க மரம் கெடக்கட்டும். டோலிய மேல தூக்கி வுடுங்க."

தூக்கினார்கள். நாலு பேர் அடுத்த மரம்வரை தோளும் கொடுத்தார்கள். அப்புறம் வயல் பாதையில் கட்டை வண்டி.

ஞாயிறு, டவுன்
புழுக்கம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "குடல்வால். உடனே ஆபரேஷன்."

"செலந்திக்கடி சார்."

"செலந்தி கடிச்சா இப்படி ஆவாதும்மா. நர்ஸ் வேலைய மட்டும் பாரு."

பாட்டிலை மேசையில் வைத்தேன். "மூடியத் தெறக்கறேன். உங்க விரல வைங்க சார். நாளைக்கு உங்க வயித்தயும் கிழிச்சுப் பாக்கலாம்."

என்னைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதப் போகிறாராம். எழுதட்டும். ஆனால் உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் வந்தார். கால்சியம் ஊசி, நரம்பில், மெதுவாக. மதியத்துக்குள் வயிறு இளகியது.

சின்னப்பொண்ணு கண் திறந்தாள். "அறுத்துட்டாங்களா நர்ஸம்மா?"

அவள் கையை எடுத்து அவள் வயிற்றிலேயே வைத்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தாள். ஒரு தையல்கூட இல்லை.